சஹாரா வெள்ளி எறும்பும் நமீப் மூடுபனி வண்டும்: பாலைவனத்துக்கு அதிகமா பழகினது எது?

கேட்ட கேள்வி இது: "சஹாராவுல இருக்கற வெள்ளி எறும்பு, நமீப் பாலைவனத்துல தலைகீழா நின்னு பனித்தண்ணி குடிக்கற வண்டு, இந்த ரெண்டுல பாலைவனத்துக்கு அதிகமா பழகினது எது? ரெண்டையும் இடம் மாத்தி விட்டா பொழைக்குமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டுக்கும் பிரச்சனை ஒண்ணு இல்ல. எறும்போட பிரச்சனை சூடு, வண்டோட பிரச்சனை தண்ணி. "எது அதிக வெயில் தாங்கும்"னு மட்டும் பார்த்தா எறும்பு சுலபமா ஜெயிச்சிடும், ஆனா அந்த அளவுகோலை வெச்சு வண்டைப் பார்த்தா அதுகிட்ட உள்ள பெரிய விஷயமே கண்ணுல படாம போயிடும். இன்னொண்ணு, வண்டைப் பத்தி நெட்ல சுத்துற கதையில பாதி தப்பு, போட்டோவுல காட்டற வண்டே பெரும்பாலும் வேற வண்டு. அதை விவரமா கீழ சொல்றேன், ஏன்னா இந்த ஒப்பீட்டுக்கு உயிர்நாடியே அதுதான்.

முதல்ல எறும்பு. அறிவியல் பேரு கேட்டாக்லிஃபிஸ் பாம்பிசினா. வட ஆப்பிரிக்கா மணல் மேடுகள்லயும் அரேபியா பக்கமும் இருக்கு. ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளதான் நீளம். வெயில்ல பார்த்தா பாதரசத் துளி ஒண்ணு மணல் மேல உருண்டு ஓடற மாதிரி பளபளன்னு தெரியும், அந்தப் பளபளப்புக்குக் காரணம் உடம்பு மேல இருக்கற முடி. அதுக்கு அப்புறம் வரேன்.

இந்த எறும்பு நாள் முழுக்க கூட்டுக்குள்ளயே இருந்துட்டு, உச்சி வெயில்ல, மத்த ஜீவராசி எல்லாம் பதுங்கினதுக்கு அப்புறம்தான் வெளிய வருது. அதுவும் ஒண்ணு ரெண்டா இல்ல, கூட்டமா குபுகுபுன்னு வெளிய வந்து, கொஞ்ச நேரம் இரை தேடிட்டு, திரும்ப உள்ள போயிடும். ஏன் இந்த நேரம்? அங்க ஒரு வகை பல்லி இருக்கு, அகாந்தோடாக்டிலஸ் இனத்தைச் சேர்ந்தது, எறும்புக் கூட்டுக்குப் பக்கத்துலயே வளை வெச்சு எறும்பை பிடிச்சுத் தின்னும். அந்தப் பல்லிக்கு சூடு ஒரு அளவுக்கு மேல போனா தாங்காது, வளைக்குள்ள போயிடும். பல்லி உள்ள போனதும் எறும்பு வெளிய வருது. ரூடிகர் வேனர்னு ஒரு சுவிஸ் விஞ்ஞானி, வாழ்க்கையில பெரும்பகுதி இந்த எறும்பு இனத்தை ஆராய்ச்சி பண்ணினவர், அவரும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் 1992-ல இதை அளந்து எழுதினாங்க. எறும்பு நிக்கற உயரத்துல சூடு சுமார் 46.5 டிகிரி செல்சியஸ் தாண்டினாதான் கூட்டம் வெளிய வருது, எறும்போட உடம்பு தாங்கற உச்சம் 53.6 டிகிரி. இந்த ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்கற ஏழு டிகிரிதான் அதோட பொழப்பு. கீழ போனா பல்லி தின்னுடும், மேல போனா வெயில் கொன்னுடும்.

அந்த நேரத்துல மணலோட மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டி இருக்கும். ஆனா மணல்ல இருந்து சில மில்லிமீட்டர் மேல போனாலே காத்து கணிசமா சூடு குறைஞ்சிடும். அதனால எறும்பு காலை நிமிர்த்தி உடம்பைத் தூக்கிக்கிட்டுதான் ஓடும். அப்பவும் உடம்பு சூடு ஏறிக்கிட்டே போகும், அப்ப காய்ஞ்ச புல்லுத் தண்டோ சின்ன கல்லோ எது கிடைச்சாலும் அது மேல ஏறி கொஞ்சம் நின்னு உடம்பை ஆற வெச்சுட்டு திரும்ப இறங்கி ஓடும். உடம்பு அவ்ளோ சின்னதா இருக்கறதால சீக்கிரம் சூடாகற மாதிரியே சீக்கிரம் ஆறவும் செய்யும். சூடு உச்சத்துக்குப் போகப் போக இப்படி ஏறி நிக்கற நேரம் அதிகமாயிட்டே போகும்.

இப்ப முடி. 2015-ல ஒரு குழு, வேனரும் அதுல இருந்தார், இந்த முடியை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வெட்டிப் பார்த்தாங்க. முடி உருண்டையா இல்ல, குறுக்குவெட்டுல முக்கோணமா இருக்கு, அடிப்பக்கம் தட்டையா உடம்பைப் பார்த்து இருக்கு. வெளிச்சம் ஒரு பக்கமா உள்ள நுழைஞ்சு தட்டையான அடியில பட்டு முழு அக எதிரொளிப்பு ஆகி, அதாவது அடியைத் தாண்டாம முழுசா திரும்பி, வெளிய போயிடுது, பட்டகம் வேலை செய்யற அதே தத்துவம்தான். கண்ணுக்குத் தெரியற வெளிச்சம், அதுக்குப் பக்கத்துல உள்ள அகச்சிவப்பு, ரெண்டையும் சேர்த்தா சூரியன்ல இருந்து வர்ற சூட்டுல பெரும்பகுதி அதுலதான் இருக்கு, அதுல பெரிய பங்கை உடம்புக்குள்ள விடாம திருப்பி அனுப்பிடுது.

இதோட நின்னிருந்தா "ஓ, கண்ணாடி மாதிரி"ன்னு விட்டுடலாம். அழகே அடுத்ததுலதான் இருக்கு. உடம்புல இருந்து வெளிய போற சூடு வேற அலைநீளத்துல, நீண்ட அகச்சிவப்புல போகுது. அந்த அலைநீளத்துல இந்த முடி எதிர் வேலை பண்ணுது, சூடு வெளிய போறதை இன்னும் லேசாக்கி விடுது, மேல இருக்கற தெளிவான வானம் ரொம்ப குளிர்ச்சியா இருக்கறதால எறும்பு தன் சூட்டை வானத்துக்கே தள்ளி விட்டுடுது. ஒரே முடி, ஒரு அலைநீளத்துல தடுப்பு, இன்னொரு அலைநீளத்துல கதவு. ஆனா சூட்டை நல்லா வெளிய விடற பரப்பு சூட்டை நல்லா உள்ளயும் வாங்கும், அது இயற்பியல் விதி. அப்ப கீழ 60 டிகிரி மணல் தகதகன்னு அதே நீண்ட அகச்சிவப்பை மேல அனுப்பிக்கிட்டு இருக்கே, அதுல மாட்டிக்காதா? அதுக்குத்தான் வயித்துப் பக்கம் முடியே இல்ல. மேலயும் பக்கவாட்டுலயும் மட்டும்தான் முடி, கீழ மொட்டை. எனக்கு இந்த எறும்பைப் பத்தி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம்னு யாராவது கட்டுப்பாடு வெச்சா, மொட்டை வயித்தைத்தான் சொல்லுவேன். முடியை நீக்கிட்டு ஆய்வகத்துல அளந்தப்போ முடி இருந்த எறும்பு 5-ல இருந்து 10 டிகிரி வரைக்கும் குறைவா இருந்துச்சுன்னு அந்தக் குழு எழுதியிருந்தாங்க. அடுத்த வருஷம் வேற ஒரு குழு அளந்ததுல ரெண்டு டிகிரி அளவுதான் வித்தியாசம் வந்துச்சு. அளக்கற சூழ்நிலையைப் பொறுத்து நம்பர் மாறும், ஆனா வேலை செய்யற விதத்துல ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல. மொத்த ஜன்னலே ஏழு டிகிரிதான்னு ஞாபகம் வெச்சா ரெண்டு டிகிரி கூட எவ்ளோ பெருசுன்னு புரியும்.

வேகம் தனிக் கதை. 2019-ல ஜெர்மனியோட உல்ம் பல்கலைக்கழகத்துக்காரங்க துனிசியாவுல டூஸ் ஊர் பக்கம் போய் கேமரா வெச்சு எடுத்தாங்க: ஒரு செகண்டுக்கு 85.5 சென்டிமீட்டர். தன் உடம்பு நீளத்தைப் போல 108 மடங்கு, ஒரே செகண்டுல. இத்தனைக்கும் பக்கத்துல உப்புச் சமவெளியில வாழுற அதோட சொந்தக்கார எறும்பு கேட்டாக்லிஃபிஸ் ஃபோர்டிஸை விட இதுக்குக் கால் குட்டை, ஆனா அந்த நீளக்கால் எறும்பு 62 சென்டிமீட்டர்தான் தொடுது. குட்டைக் காலை இது செகண்டுக்கு 40 தடவைக்கு மேல வீசுது, வேகமா ஓடறப்போ நடுவுல ஆறு காலுமே தரையில இல்லாத கணமும் வருது, ஒரு கால் மணல்ல படற நேரம் ஒரு செகண்டுல நூத்துல ஒரு பங்கை விடக் கம்மி. அதே எறும்பை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் 10 டிகிரி குளிர்ல ஓட விட்டா வேகம் செகண்டுக்கு 6 சென்டிமீட்டருக்குக் கீழ இறங்கிடுது. இந்த நம்பரை மறக்காதீங்க, இடம் மாத்தி விடற கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

உடம்புக்குள்ளயும் ஒரு ஏற்பாடு இருக்கு. எல்லா உயிர்லயும் சூடு பட்டா உடம்புல உள்ள புரதங்கள் உருக்குலையாம காப்பாத்த வெப்ப அதிர்ச்சிப் புரதம்னு ஒண்ணு உண்டாகும். சாதாரணமா சூடு பட்டதுக்கு அப்புறம்தான் அது உருவாகும். வெள்ளி எறும்புக்கு அந்த அவகாசம் இல்ல, வெளிய கால் வெச்ச சில நொடியிலேயே உடம்பு 50 டிகிரி பக்கம் போயிடும், அப்புறம் உட்கார்ந்து புரதம் தயாரிக்க நேரம் ஏது. அதனால அது முன்கூட்டியே தயாரா வெச்சுக்கிட்டுதான் கிளம்புது. கெஹ்ரிங்கும் வேனரும் 1995-ல எழுதினதுபடி பழ ஈயோட உடம்புல புரதத் தயாரிப்பு 39 டிகிரியோட நின்னுடுது, இந்த எறும்புல 45 டிகிரி வரைக்கும் நடக்குது.

வழி கண்டுபிடிக்கறதை சுருக்கமா சொல்லிட்டுப் போறேன், ஏன்னா அதுக்கே தனி பதில் எழுதலாம். சூட்டுல வாசனைத் தடம் மணல்ல நிக்காது, அதனால சூரியனையும் வானத்து வெளிச்சத்தோட துருவமுனைப்பையும் (வெளிச்ச அலை எந்தத் திசையில அதிருதுங்கறதை) பார்த்து திசை, தன் காலடியை வெச்சு தூரம், ரெண்டையும் சேர்த்து மனசுலயே கணக்கு வெச்சுக்கிட்டு நேர்க்கோட்டுல கூட்டுக்குத் திரும்பும். எறும்பு சூரியனைப் பார்த்து வழி பிடிக்குதுன்னு முதல்ல காட்டினவர் ஃபெலிக்ஸ் சான்ட்ஷி, துனிசியாவுல கைரவான் ஊர்ல டாக்டரா இருந்தவர். 1911-ல அவர் வெளியிட்ட பரிசோதனைக்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மறைப்பும் ஒரு கண்ணாடியும்தான்: சூரியனை மறைச்சு எதிர்ப்பக்கத்துல இருந்து கண்ணாடியில வெளிச்சத்தைக் காட்டினதும் எறும்பு அப்படியே திரும்பி நடந்துச்சு. தூரத்துக்கு காலடி கணக்குங்கறது 2006-ல ஃபோர்டிஸ் எறும்பு மேல நிரூபிச்சது, இரை எடுத்துட்டு திரும்பப் போற எறும்பு காலுக்கு பன்னி முடியை ஒட்டி நீளமாக்கினா கூட்டைத் தாண்டிப் போயிடுச்சு, காலைக் குட்டையாக்கினா கூடு வர்றதுக்கு முன்னாடியே நின்னு தேட ஆரம்பிச்சுடுச்சு.

சாப்பாடு? வெயில்ல செத்து விழுந்த மத்த பூச்சிகள். தண்ணியும் பெரும்பாலும் அந்தப் பூச்சிகளோட உடம்புல இருந்துதான். ஆக இந்த எறும்பு வெயிலைத் தாங்கறதோட நிக்கல, வெயில் கொன்னு போட்டதைத் தின்னு வாழுது. சூடு குறைஞ்சா இதுக்கு இரையும் குறையும்.

இனி வண்டு. இடம் தென்மேற்கு ஆப்பிரிக்கா, நமீபியாவோட அட்லான்டிக் கடலோரம். நமீப் பாலைவனம் விசித்திரமானது, ஒரு பக்கம் கடல் அலை, அதை ஒட்டியே மணல் மேடு. தெற்குல இருந்து பெங்குவேலாங்கற குளிர்ந்த நீரோட்டம் கரை ஓரமா வடக்க போகுது. கடல் மேல இருக்கற ஈரக் காத்து அந்தக் குளிர்ல ஆறி மேகமாவும் மூடுபனியாவும் ஆகி ராத்திரி நேரத்துல உள்நாட்டுக்குள்ள நகரும், மழையா பெய்யற அளவுக்கு மட்டும் போகாது. கோபபெப்னு ஒரு ஆராய்ச்சி நிலையம் கடல்ல இருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ள, குய்செப்னு எப்பவாவது மட்டும் தண்ணி ஓடற ஒரு ஆத்தங்கரையில இருக்கு, 1962-ல சார்லஸ் கோக்னு ஒரு வண்டு ஆராய்ச்சியாளர் ஆரம்பிச்சது. அங்க வருஷத்துக்கு மழை சுமார் 25 மில்லிமீட்டர்தான். பல வருஷம் மழையை விட மூடுபனி தர்ற தண்ணி அதிகம், அதை விட முக்கியம், மழை எப்ப வரும்னே சொல்ல முடியாது, மூடுபனியை ஓரளவுக்கு நம்பலாம்.

இந்த நமீப்ல கருவண்டு குடும்பத்துல மட்டும், டெனிப்ரியோனிடேன்னு சொல்லுவாங்க, 200 வகைக்கு மேல இருக்கு. நம்ம வீட்ல பழைய மாவுல வருமே மாவு வண்டு, அதுவும் இந்தக் குடும்பம்தான். அந்த 200-க்கு மேற்பட்ட வகையில தலைகீழா நின்னு மூடுபனி குடிக்கறது ரெண்டே ரெண்டுதான் உறுதியா தெரிஞ்சது, ஒனிமாக்ரிஸ் அங்குயிகுலாரிஸ், அதோட நெருங்கின சொந்தம் ஒனிமாக்ரிஸ் பைகலர். நீங்க கேக்கற வண்டு முதல்ல சொன்னது. ரெண்டு சென்டிமீட்டர் நீளம், கறுப்பு, நீளமான கால்.

இது பகல் வண்டு. காத்து அடிச்சுக் கொண்டுவந்து மணல் மேட்டோட சரிவுல சேர்க்கற காய்ஞ்ச புல்லுத் துணுக்கு, விதை, செத்த பூச்சி இதையெல்லாம் பகல்ல வந்து தின்னுட்டு, வெயில் அதிகமானா மணலுக்குள்ள முங்கிடும், ராத்திரியும் மணலுக்குள்ளதான். ஆனா மூடுபனி வர்ற ராத்திரியிலயோ விடிகாலையிலயோ மட்டும், அந்தக் குளிர்ல, உடம்பு சரியா ஓடாத நேரத்துல, மணலை விட்டு வெளிய வந்து மேட்டோட உச்சிக்கு ஏறும். மேட்டு விளிம்புல காத்து வர்ற திசையைப் பார்த்து நின்னு, பின்னங்காலை நிமிர்த்தி, தலையை மணல்ல படற அளவுக்கு கீழ இறக்கி, பின்பக்கத்தைத் தூக்கி வெச்சுக்கும். அப்படியே அசையாம நிக்கும். காத்துல மிதந்து வர்ற மூடுபனித் துளி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, அது காத்தோட சேர்ந்து வண்டை சுத்திப் போக முடியாம முதுகுல மோதி ஒட்டிக்கும். ஒட்டின துளிகள் ஒண்ணோட ஒண்ணு சேரும், முதுகு ஓட்டுல ஒட்டி நிக்க முடியாத அளவுக்கு எடை வந்ததும் முதுகுல வழிஞ்சு, கழுத்துப் பக்கமா இறங்கி, வாய்கிட்ட வந்து தொங்கும். வண்டு குடிக்கும். அடுத்த துளிக்கு நிக்கும்.

வில்லியம் ஹாமில்டனும் மேரி சீலியும் இதைப் பத்தி 1976-ல எழுதினாங்க. மூடுபனிக்கு முன்னாடியும் பின்னாடியும் வண்டை எடை போட்டுப் பார்த்தாங்க. சராசரியா உடம்பு எடையில 12 சதவீதம் தண்ணியா கூடியிருந்துச்சு, அதிகபட்சம் 34 சதவீதம். 60 கிலோ எடை உள்ள ஒரு ஆள் வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் வாட்டர் கேனை ஒரே காலையில குடிச்சு முடிக்கற கணக்கு.

இப்ப அந்தத் தப்புக்கு வரேன். "நமீப் வண்டோட முதுகுல குட்டிக் குட்டி மேடு இருக்கு, மேட்டு நுனி தண்ணியை இழுக்கும், நடுப்பள்ளத்துல மெழுகு இருக்கு, அது தண்ணியை விலக்கும், அதனால துளி உருண்டு வாய்க்குள்ள போகுது"ன்னு நீங்க கண்டிப்பா படிச்சிருப்பீங்க, பாடப்புத்தகத்துலயும் வருது, வீடியோவுலயும் வருது. இது 2001-ல ஆண்ட்ரூ பார்க்கரும் கிறிஸ் லாரன்ஸும் எழுதின ஒரு கட்டுரையில இருந்து வந்தது. அவங்க பார்த்த வண்டு முதுகுல அரை மில்லிமீட்டர் அகலத்துல மேடு மேடா இருந்தது உண்மை. அவங்க அதை ஸ்டெனோகாரா வகைன்னு குறிச்சாங்க, அப்புறமா மத்தவங்க பார்த்துட்டு படத்துல இருக்கறது ஃபைசோஸ்டெர்னா கிரிப்ரிப்ஸ் மாதிரி இருக்கேன்னு சொன்னாங்க. எதுவா இருந்தாலும் சரி, முக்கியமான விஷயம் என்னன்னா, மேட்டு முதுகு உள்ள அந்த ரெண்டு வண்டும் மூடுபனியில தலைகீழா நின்னு தண்ணி குடிக்கறதை களத்துல வருஷக்கணக்கா வண்டு பார்க்கறவங்க யாரும் பார்க்கல. தலைகீழா நிக்கற ஒனிமாக்ரிஸ் முதுகு வழவழன்னு இருக்கு, நீளவாக்குல லேசான பள்ளக்கோடு மட்டும்தான், மேடு கிடையாது.

2010-ல நோர்கோர்டும் டாக்கேயும் இதை நேரடியா சோதிச்சாங்க. நாலு வகை வண்டை, ரெண்டு ஒனிமாக்ரிஸ் (அங்குயிகுலாரிஸும், பைகலர் இல்லாத வேற ஒண்ணும்), ஸ்டெனோகாரா, ஃபைசோஸ்டெர்னா, ஒரு மூடுபனி அறைக்குள்ள வெச்சாங்க. உயிரோட விட்டப்போ தலைகீழா நின்னது ஒனிமாக்ரிஸ் அங்குயிகுலாரிஸ் மட்டும்தான். அப்புறம் செத்த வண்டுகளை அதே கோணத்துல சாய்ச்சு நிறுத்தி எவ்ளோ தண்ணி சேருதுன்னு அளந்தாங்க, முதுகுப் பரப்பளவுக்கு கணக்கு போட்டா மேடு உள்ளதுக்கும் வழவழப்பா உள்ளதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. அப்ப தண்ணியைக் கொண்டுவர்றது விசேஷ முதுகு இல்ல. குளிர்ல எழுந்து வந்து, மேட்டு உச்சி ஏறி, சரியான திசையில சரியான சாய்வுல நிக்கணும்ங்கற அந்தப் பழக்கம். எந்தக் கருவண்டையும் அதே மாதிரி நிறுத்தி வெச்சா ஓரளவுக்கு தண்ணி பிடிக்கும், ஆனா அந்த ரெண்டு வகையைத் தவிர மத்தது நிக்காது.

அந்த மேடு-பள்ளத் தத்துவத்தை வெச்சு ஆய்வகத்துல பண்ணின தண்ணி பிடிக்கற பரப்புகள் நல்லாவே வேலை செய்யுது, அதுல தப்பு இல்ல. ஆனா அதுக்காக ஒரு உயிரோட வாழ்க்கையை மாத்தி எழுதறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு. கோபபெப் மணல்ல விடிகாலையில உட்கார்ந்து வண்டை எடை போட்டவங்க உழைப்பு அடிக்குறிப்புக்குக் கூட வராம, வேற வண்டோட போட்டோ அட்டைப்படத்துக்கு வந்துடுச்சு. இனிமே படம் பார்த்தா முதுகைப் பாருங்க, முத்து முத்தா மேடு இருந்தா அது தலைகீழா நிக்கற வண்டு இல்ல.

இதே நமீப்ல லெபிடோகோரான்னு தட்டையா ஒரு வண்டு இருக்கு, அது நிக்கவே நிக்காது, மூடுபனி வரும்போது காத்துக்குக் குறுக்கா மணல்ல நீளமா ஒரு சின்ன வாய்க்கால் கீறும், ரெண்டு பக்கமும் குவியற மணல் வரப்புல ஈரம் அதிகமா சேரும், அப்புறம் திரும்ப அதே வழியில வந்து வரப்புல இருந்து ஈரத்தை எடுத்துக்கும். ஒரே மூடுபனிக்கு, ஒரே மணல் மேட்டுல, வேற தீர்வு.

உடம்பு விஷயத்துல வண்டு சும்மா இல்ல, கிடைச்ச தண்ணியை இறுக்கிப் பிடிக்க எல்லாம் இருக்கு. பறக்கறதை விட்டுட்டு மேல் ஓடு ரெண்டும் ஒண்ணா ஒட்டிப்போச்சு, ஓட்டுக்கும் முதுகுக்கும் நடுவுல ஒரு காத்து அறை, வயித்துப் பக்க மூச்சுத் துளைகள் அதுக்குள்ளதான் திறக்கும், அதனால மூச்சு வழியா போற ஈரம் நேரா வெளிய போகாது. ஓட்டு மேல மெழுகு. கழிவு யூரிக் அமிலமா, கிட்டத்தட்ட காய்ஞ்சு வெளிய வரும். ஆனா இதெல்லாம் பாலைவனக் கருவண்டு பலதுக்கும் பொது, நம்ம வண்டுக்குன்னு தனியா உள்ளது நிக்கற பழக்கம்தான்.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எறும்போட சாமர்த்தியத்துல பெரும்பங்கு உடம்புல எழுதியிருக்கு, முடி, கால், புரதம், அது வெளிய வர்ற நேரம் கூட அந்த உடம்பு அனுமதிச்ச நேரம். வண்டோட சாமர்த்தியம் நடத்தையில இருக்கு. எறும்பு தன்னால முடிஞ்ச அதிகபட்ச சூட்டுல வெளிய வருது, வண்டு தனக்கு ஒத்துக்காத குளிர்ல வெளிய வருது. ரெண்டுமே மத்த ஜீவராசி தவிர்க்கற நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கு, ஆனா நேர் எதிர் முனையில.

இன்னொரு வித்தியாசம் பெரும்பாலும் யாரும் பேசறதில்ல. எறும்பு தனி ஆள் இல்ல. வெளிய போறது வயசான வேலைக்கார எறும்பு, அது வெயில்ல செத்துப் போனா கூட்டுக்கு இழப்பு சின்னது, ராணி கீழ குளிர்ச்சியா பத்திரமா இருக்கு. அதனாலதான் சாவுக்கு ரெண்டு மூணு டிகிரி பக்கத்துல ஓடற ஆபத்தை அந்த இனம் எடுக்க முடியுது. வண்டு தன் முட்டையைத் தானே இடணும், தன் தாகத்தைத் தானே தீர்த்துக்கணும், அது செத்தா அதோட கதை அங்கயே முடிஞ்சுது. அதுக்கு அப்படி விளிம்புல ஓட முடியாது, மெதுவான, நம்பகமான வழி வேணும். மூடுபனி அப்படிப்பட்ட வழியான்னு கேட்டா, கோபபெப்ல பல வருஷமா மணல்ல பொறிக்குழி வெச்சு அதுல விழற வண்டை எண்ணினதுல பதில் கிடைக்குது: மழையை நம்பற வண்டுகள் நல்ல மழைக்கு அப்புறம் பெருகி, வறட்சியில காணாம போகுது, மூடுபனி குடிக்கத் தெரிஞ்சது வறட்சியிலயும் தாக்குப்பிடிக்குது.

அதனால "எது அதிகமா பழகினது"ன்னு கேட்டா நான் வண்டு பக்கம்தான் சாய்வேன். எறும்பை அதிசயமா பார்க்கறேன், அந்த மொட்டை வயித்துக்கு ஈடா இன்னொண்ணை நான் பூச்சி உலகத்துல சுலபமா சொல்ல மாட்டேன். ஆனா பாலைவனம்ங்கறதோட அர்த்தமே தண்ணி இல்லாமைதான், சூடு ரெண்டாவது. எறும்பு அந்த முதல் பிரச்சனையை இரையோட உடம்பு மூலமா சுத்தி வந்துடுது. வண்டு நேருக்கு நேர் பார்க்குது.

கடைசியா இடம் மாத்தற கேள்வி. வண்டை சஹாரா நடுவுல விட்டா அது விடிகாலையில மேட்டு உச்சி ஏறி நிக்கறதுக்கு அங்க மூடுபனியே வராது. சஹாராவுலயும் கருவண்டு குடும்பம் நிறைய இருக்கு, ஆனா பைமிலியா மாதிரி அந்த வண்டுகள் தண்ணியை இழக்காம இருக்கறதை வெச்சுதான் பொழைக்குது, தலைகீழா நின்னு அங்க ஒரு பிரயோஜனமும் இல்ல. எறும்பை நமீப்ல விட்டா? கடலோர மூடுபனிக் குளிர்ல அது மந்தமாயிடும், 10 டிகிரியில என்ன வேகம்னு மேல பார்த்தோமே. உள்நாட்டுப் பக்கம் மணல் நல்லா சுடும், அங்க ஓட முடியும், ஆனா அந்த இடம் காலி இல்ல. ஆசிமிர்மெக்ஸ்னு நமீப்போட சொந்த எறும்பு அங்க ஏற்கனவே இருக்கு, மணல் மேல்பரப்பு 67 டிகிரி இருக்கும்போது கூட வெளிய இரை தேடறதை 1985-லயே பதிவு பண்ணியிருக்காங்க, அதுவும் புல்லுத் தண்டுல ஏறி உடம்பை ஆத்திக்கிட்டு, வெயில்ல செத்த பூச்சியைத்தான் பொறுக்குது. வெள்ளி எறும்புக்கு அது நெருங்கின சொந்தம் கூட இல்ல, வேற துணைக்குடும்பம். ஆஸ்திரேலியா நடுவுல மெலோஃபோரஸ் பகோட்டின்னு ஒரு செவ்வெறும்பு இருக்கு, அதுவும் மத்தியான வெயில்ல இதே வேலையைப் பண்ணுது, அதோட உடம்பு தாங்கற உச்சம் 56.7 டிகிரி, வெள்ளி எறும்பை விட மூணு டிகிரி அதிகம். மூணு கண்டத்துல மூணு எறும்பு ஒண்ணுக்கொண்ணு பார்க்காமலேயே உச்சி வெயிலைப் பிடிச்சு வெச்சிருக்கு. தலைகீழா நிக்கற வண்டுக்கு அப்படி ஜோடி இன்னொரு கண்டத்துல இருக்கான்னா, தென் அமெரிக்காவுல அட்டகாமா கடற்கரைதான் தேட வேண்டிய முதல் இடம், அங்கயும் குளிர்ந்த நீரோட்டம், மழையே இல்லாத நிலம், காலையில மூடுபனி.